கடைக்குட்டிப் பல்: எடுப்பதா, விட்டுவைப்பதா?

மலாய்க்காரர்கள் அந்தப் பல்லுக்கு வைத்திருக்கும் பெயர் கீகி போங்சு. போங்சு என்றால் வீட்டின் கடைக்குட்டி. தமிழில் ஞானப்பல் என்று எழுதுகிறோம். ஆனால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "போங்சு பல்லு முளைக்குது, வாயத் தொறக்க முடியல" என்றுதான் பேச்சு. எனக்கும் அந்தப் பெயரே பொருத்தமாகப் படுகிறது. இரண்டு அறை லயத்து வீட்டில் ஏழாவதாகப் பிறந்த பிள்ளைக்குப் பாய் விரிக்க இடம் தேடுவது மாதிரிதான் இந்தப் பல்லின் கதையும். மற்ற 28 பற்களும் இடம்பிடித்து உட்கார்ந்த பிறகு, பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள், இது வருகிறது. இடம் இருந்தால் நிமிர்ந்து முளைக்கும். இல்லாவிட்டால் தனக்கு முன்னால் நிற்கும் கடைவாய்ப் பல்லின் மேல் சாயும், படுத்துக்கொள்ளும், அல்லது பாதி ஈறுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுவிடும். சிலருக்குக் கடைசிவரை வெளியே வருவதில்லை. சிலருக்கு அப்படி ஒரு பல் உருவாவதே இல்லை.

என் அக்கா மகளுக்கு வயது 23. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. போன தீபாவளிக்கு முந்தின வாரம், அக்கா வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அன்று, அவள் ஒரு துண்டு வாயில் போட்டாள், கடிக்க முடியாமல் எடுத்துவிட்டாள். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கீழே இடது பக்கம், கடைசிப் பல்லுக்குப் பின்னால், ஈறு சிவந்து தடித்து ஒரு மூடி மாதிரி நின்றது. அதன் ஓரத்தில் வெள்ளையாய்ப் பல்லின் முனை. வாயை முழுதாகத் திறக்கச் சொன்னேன். நம் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்கும் அளவுக்கு வாய் திறந்தால் சரி. அவளுக்கு இரண்டு விரலே நுழையவில்லை.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். அக்கா கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தாள். பக்கத்து வீட்டு அத்தை, ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பச் சொன்னார். அதை மட்டும் நான் பிடிவாதமாகத் தடுத்தேன். ஆஸ்பிரின் அமிலம், ஈறில் பட்ட இடம் வெந்து வெள்ளையாக உரியும், வலிக்கு மேல் ஒரு புண் சேரும். மச்சான் தன் பங்குக்கு, "இன்னும் நாலு மாசத்துல இந்தியா போறோமே, அங்க புடுங்கிக்கலாம், செலவு கம்மி" என்றார். யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: இந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

இதை எழுதக் காரணமே அந்தக் கேள்விதான். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள எல்பில், ஹீவுட், டவன்பி தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்குப் பல் வைத்தியம் என்றாலே வலி வந்த பிறகு போவது. தாத்தா ரப்பர் பால்வெட்டுக்குப் போன காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கொடுக்கும் மாத்திரையோடு காரியம் முடிந்தது. அதற்கு மேல் வலித்தால் டவுனுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வருவார்கள். லயம் போய்த் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம். பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. கடைக்குட்டிப் பல் விஷயத்தில் அந்தப் பழக்கம் ரொம்பவே கெடுதல் செய்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது யாராலும் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியாது, எங்கே முதலில் இடம் கிடைக்கிறதோ அங்கே ஓடுகிறோம், கேட்ட காசைக் கொடுக்கிறோம். நம் கையில் இருக்கும் வழிகள் எத்தனை என்று பிறகுதான் தெரியவருகிறது.

அக்கா மகளுக்கு வந்தது பல்லின் நோய் இல்லை, பல்லை மூடிய ஈறின் நோய். பாதி முளைத்த பல்லுக்கும் மேலே கிடக்கும் ஈறு மடலுக்கும் நடுவே சோறு, கறித் துணுக்கு போய்த் தங்கும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமி பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல்பல் வந்து கடிக்கும், கடித்தால் இன்னும் வீங்கும். 20 வயதுகளில் இருப்பவர்கள் இந்தப் பல்லுக்காகப் பல் கிளினிக்குக்கு ஓடுவது பெரும்பாலும் இதனால்தான். முதல் காரியம் பிடுங்குவது இல்லை. ஈறு மடலுக்கு அடியில் மருந்து நீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். வீட்டில் ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு நாளுக்கு நாலைந்து முறை கொப்பளிக்கச் சொல்வார்கள். காய்ச்சலோ, பரவும் வீக்கமோ, வாய் திறக்க முடியாமையோ இருந்தால் ஆன்டிபயாடிக் எழுதுவார்கள். பெரும்பாலும் அமோக்சிசிலின் அல்லது மெட்ரோனிடசோல். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும் முடித்து இரண்டு மூன்று நாட்கள் வரையிலும் பீர், சம்சு எதையும் தொடக்கூடாது. இதை நம் ஆட்களிடம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வலி போனதும் பல் சரியாகிவிட்டது என்று நினைப்பதும் தவறு. மடல் அங்கேயேதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், நாக்கு மேலே தூக்கிய மாதிரி இருந்தால், மூச்சு சிரமப்பட்டால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் கிருமி நாக்குக்கு அடியில் பரவி மூச்சுக்குழாயை நெருக்கிவிடும். நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. இரவு இரண்டு மணியானாலும்.

அவளுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது, தீபாவளிக் காலையில் முறுக்கும் கடித்தாள். வழக்கமாக நம் வீடுகளில் இதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த வலி வரும்வரை யாரும் நினைப்பதில்லை. உண்மையில் முடிவெடுக்க ஏற்ற நேரம் அதுதான். வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது, எக்ஸ்ரே எடுக்கலாம், பேசலாம்.

அந்த எக்ஸ்ரேயை ஓ.பி.ஜி. என்பார்கள். நின்றபடியே தாடையை ஒரு கட்டையில் வைத்தால் கருவி தலையைச் சுற்றி ஒரு அரை வட்டம் வரும். இரண்டு காதுக்கு நடுவே உள்ள தாடை முழுவதும் ஒரே படத்தில் விரித்துப் போட்ட மாதிரி தெரியும். அவளுடைய படத்தை மருத்துவர் திரையில் காட்டினார். மலாய்ப் பெண், வயது 30 இருக்கலாம், பொறுமையாகப் பேசினார். கீழ்த் தாடை எலும்புக்குள் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் பக்கம் பக்கமாக ஓடின, செம்பனை வரிசைக்கு நடுவே போகும் மண்சாலை மாதிரி. அந்தச் சாலைக்குள்தான் கீழுதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு போகிறது. இடது பக்கப் பல் முன்னால் சாய்ந்து, அடுத்த கடைவாய்ப் பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. அதன் வேர் அந்தச் சாலைக்கு மேலேயே நின்றது, கோடுகள் அறுபடவில்லை. வலது பக்கம் வேறு மாதிரி. பல் முழுக்க எலும்புக்குள் படுத்திருந்தது. வேரின் நுனி சாலையைக் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு மறைந்து, வேர் அங்கே கறுத்துத் தெரிந்தது. மருத்துவர் அந்த இடத்தில் பேனாவை வைத்துச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரே வாயில் இரண்டு பல், இரண்டுக்கும் இரண்டு பதில். "நாலையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்" என்று கேட்டுப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொந்தரவே தராத பல்லை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லதா என்பதில் உலகம் முழுக்க ஒரே கருத்து இல்லை. அமெரிக்காவில் 20 வயதை ஒட்டியே எடுத்துவிடும் வழக்கம் இன்றும் பரவலாக உண்டு. பிரிட்டனில் எந்தச் சிகிச்சை தகும் என்று வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே, நோயில்லாத புதைபல்லை (எலும்புக்குள்ளோ ஈறுக்குள்ளோ சிக்கி நிற்கும் பல்லை) எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடைக்க முடியாத சொத்தை, சீழ், கட்டி, பக்கத்துப் பல்லின் வேர் கரைவது போன்ற காரணங்கள் இருந்தால் எடுக்கலாம். ஈறு வீக்கம் முதல் தடவை வந்து, கடுமையாகவும் இல்லாவிட்டால் பொறுக்கலாம், மறுபடி வந்தால் எடுப்பது பற்றி யோசிக்கவேண்டும் என்பது அதன் கணக்கு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழுவும் 2020-இல் இதை மறுபடி அலசியது. தொந்தரவு இல்லாத, நோய் இல்லாத புதைபல்லை எடுப்பது நல்லதா விடுவது நல்லதா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. ஆகவே "இப்பவே எடுத்தாகணும்" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், "என்ன நோய் தெரிகிறது டாக்டர்?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. முன்பற்கள் கோணலாவது கடைக்குட்டி தள்ளுவதால்தான் என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. அதற்கும் ஆதாரம் போதாது. அந்த ஒரு காரணத்துக்காகப் பிடுங்கவேண்டியதில்லை.

விட்டுவைப்பது என்றால் மறந்துவிடுவது இல்லை. பிரிட்டனின் அந்தக் கொள்கையை விமர்சிப்பவர்கள் சுட்டிக்காட்டும் விஷயம் இங்கேதான் வருகிறது. முன்பக்கம் சாய்ந்த பாதி முளைத்த பல், தன் முன்னால் நிற்கும் நல்ல கடைவாய்ப் பல்லின் பின்முதுகில் சொத்தையை உண்டாக்கும். அந்த இடத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியாது, வலி வரும்போது இரண்டு பல்லுமே போய்விட்டிருக்கும். உதவாத பல்லுக்காக உழைக்கும் பல்லை இழப்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், 38 வயதில் அப்படித்தான் இரண்டையும் ஒரே நாளில் எடுத்தார். விட்டுவைக்கும் முடிவென்றால் ஆண்டுக்கொரு முறையாவது போய்ப் பல்லைக் காட்டவேண்டும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் படம் எடுக்கவேண்டும். அதைச் செய்யமாட்டோம் என்று நம்மைப் பற்றி நமக்கே தெரிந்தால், சாய்ந்த பாதிப் பல்லை இளவயதிலேயே எடுத்துவிடுவது மேல் என்பது என் எண்ணம். மருத்துவப் புத்தகம் இதை இப்படிச் சொல்லாது. ஊரைத் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன்.

இளவயது என்பதற்கும் காரணம் உண்டு. 20-ஐ ஒட்டிய வயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் கொஞ்சம் இளகலாக இருக்கும். வயது ஏற ஏற எலும்பு இறுகும், புண் ஆற நாளாகும், சிக்கலும் கூடும். 40-க்கு மேல் எடுக்கவே முடியாது என்பதில்லை, சிரமம் கூடுதல்.

எடுப்பது என்று முடிவானாலும் வழி ஒன்றில்லை. மேல்தாடைப் பல் பெரும்பாலும் சுலபம். எலும்பு மிருதுவானது, ஊசி போட்டுக் கொறடால் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இதில் இருக்கிறது. கீழே ஈறு வீங்கக் காரணம் மேல்பல் வந்து கடிப்பதாக இருந்தால், அந்த மேல்பல்லை மட்டும் எடுத்தாலே சிலருக்கு நோவு அடங்கிவிடும். ஈறு மடலை மட்டும் வெட்டி எடுப்பதும் உண்டு. ஆனால் பல் முழுதாக வெளியே வர இடமில்லாவிட்டால் மடல் மறுபடி வளர்ந்து மூடும்.

கீழே புதைந்த பல்லுக்கு அறுவைதான். பெயரைக் கேட்டதும் பயம் வருகிறது, நடப்பதைச் சொன்னால் பாதிப் பயம் போகும். தாடை நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள். பத்து நிமிடத்தில் பாதி உதடு தடித்துப்போன மாதிரி இருக்கும். ஈறைக் கீறி விலக்கி, பல்லை மறைக்கும் எலும்பைக் கொஞ்சம் டிரில்லால் குறைத்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுப்பார்கள். துண்டாக்குவது எலும்பை அதிகம் வெட்டாமல் இருக்கத்தான். பிறகு தையல். வலி தெரியக்கூடாது. அழுத்தமும் டிரில் சத்தமும் தெரியும், அது மண்டைக்குள்ளேயே கேட்கிற மாதிரி இருக்கும். வலித்தால் கையைத் தூக்கச் சொல்வார்கள், தூக்கினால் நிறுத்தி இன்னும் ஊசி போடுவார்கள். பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நரம்புதான் பெரிய கேள்வி. வேர் அதற்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு ஆபத்து. அறுவைக்குப் பிறகு சில வாரமோ மாதமோ உதட்டில், தாடையில் அல்லது நாக்கில் மரப்பு இருப்பது நூற்றில் சிலருக்கு வரும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்த ஒருவர் நாமாக இருந்தால் காப்பி சூடு தெரியாமல் உதடு வேகும், எச்சில் வழிவது தெரியாது. அக்கா மகளுடைய வலது பல்லில் தெரிந்த மாதிரி கோடு மறைவது, வேர் கறுப்பது, சாலையே வளைவது எல்லாம் எச்சரிக்கைக் குறிகள். அப்படி இருந்தால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்து நரம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கலாம். அதற்குப் பிறகும் எடுத்தே ஆகவேண்டுமென்றால், கொரோனெக்டமி என்று ஒரு முறை இருக்கிறது. பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நரம்பைத் தொடும் வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். "வேரை உள்ளே விட்டால் அழுகிடாதா?" என்று அக்கா கேட்டாள். வேரில் கிருமி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் எலும்பு அதன் மேல் மூடிக்கொள்ளும். சிலருக்கு வேர் மெல்ல மேலே நகர்ந்து, பின்னொரு நாள் எடுக்கவேண்டி வரலாம். அதற்குள் அது நரம்பைவிட்டு விலகியிருக்கும் என்பதால் அப்போது ஆபத்து குறைவு. சொத்தை வேர் வரைக்கும் போன பல்லுக்கு இந்த முறை ஆகாது.

அடுத்தது, எங்கே செய்வது. சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு உண்மையான சுமை இதுதான்.

அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட், பல் எடுத்தால் அதோடு சில ரிங்கிட். சாதாரணப் பிடுங்கல் அங்கேயே நடக்கும். புதைந்த பல், நரம்புக்குப் பக்கத்துப் பல் என்றால் கடிதம் கொடுத்து நிபுணரிடம் அனுப்புவார்கள். எங்களுக்கு அது ஈப்போ ஜி.எச்., அதாவது ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் வாய், தாடை அறுவைப் பிரிவு. சுமார் 30 கிலோமீட்டர். செலவு மிகக் குறைவு, செய்பவர்கள் நிபுணர்கள் அல்லது அவர்கள் மேற்பார்வையில் இருப்பவர்கள். கொடுக்கும் விலை காத்திருப்பு. அவசரமில்லாத பல்லுக்குத் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். முழு மயக்கத்தில் செய்யவேண்டும் என்றால் இன்னும் தள்ளும். வலி அடங்கிய வாரமே கடிதம் வாங்கிவிடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். தேதி வருவதற்குள் அடுத்த வீக்கம் வந்தால் மருந்து வாங்கிச் சமாளிக்கலாம், வரிசையில் இடமாவது இருக்கும்.

தனியார் கிளினிக்கில் அதே வாரம் செய்யலாம். ஆனால் ஒரு புதைபல்லுக்கே பல நூறு ரிங்கிட், ஆழமாக இருந்தால் 1,000-த்தைத் தாண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்கு அது பாதி மாதச் சோறு. கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள்: எக்ஸ்ரே, மருந்து, தையல் பிரிப்பது, நாலாம் நாள் வலித்தால் மறுபடி பார்ப்பது எல்லாம் அதில் அடங்குமா என்று கேளுங்கள். இந்த மாதிரிப் பல்லை எடுத்துப் பழக்கம் உண்டா, நிபுணர் வந்து செய்வாரா என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபிக்கமாட்டார். சுவரில் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் ஆண்டுச் சான்றிதழ் தொங்குகிறதா என்று பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் வரி கட்டினால், 2024 வரி ஆண்டிலிருந்து பல் சிகிச்சைக்கு 1,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு உண்டு. ரசீதை எடுத்து வையுங்கள்.

பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்றாவது வழி. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், வடக்கே கெடாவில் ஏய்ம்ஸ்ட். அங்கே மாணவர்கள் ஆசிரியர்களின் கண்காணிப்பில் பார்ப்பார்கள். தனியாரைவிடச் செலவு குறையும், நேரம் கூடும், தூரமும் கூடும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு நல்ல வழி. எங்களுக்கு எட்டவில்லை.

மச்சான் சொன்ன இந்தியா யோசனைக்கு வருகிறேன். அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பல்லை எடுத்த பிறகு சிக்கல் வந்தால் மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் வரும். அன்றைக்கு நீங்கள் பழனி மலை அடிவாரத்திலோ விமானத்திலோ இருந்தால் யாரிடம் போவீர்கள்? எடுத்த இடத்துக்கே திரும்பிப் போய் வாயைக் காட்ட முடிகிற தூரத்தில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். மச்சானிடம் அதைத்தான் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

மயக்கம் பற்றிச் சுருக்கமாக. ஒன்று இரண்டு பல்லுக்கு மரப்பு ஊசியே போதும், பெரும்பாலோர் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள். பயம் அதிகம் என்றால் அரைத் தூக்கத்தில் வைக்கும் மருந்து கொடுக்கும் இடங்கள் உண்டு, துணைக்கு ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும், அன்றைக்கு மோட்டார் ஓட்டக்கூடாது. முழு மயக்கம் என்றால் ஆஸ்பத்திரி, பட்டினி, ரத்தப் பரிசோதனை. நாலும் ஆழமாகப் புதைந்தவர்களுக்கு அது சரி. "தெரியாமல் இருக்கணும்" என்பதற்காக மட்டும் அதைக் கேட்டால் காத்திருப்பும் செலவும்தான் கூடும்.

வேலைக்குப் போகிறவர்கள் எம்.சி. (நோய் விடுப்புச் சீட்டு) கிடைக்குமா என்று கவலைப்படுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவில் பல் மருத்துவர் கொடுக்கும் எம்.சி.யும் அடங்கும். ஒரே முதலாளியிடம் இரண்டு வருஷத்துக்கும் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. காண்டிராக்டரிடம் ஏட்டில் பெயரில்லாமல் குலை வெட்டும் ஆட்களுக்கு இது கைக்கு வருவதில்லை. அவர்கள் பல் வலியோடு மரத்தடியில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

எந்தக் கிழமை செய்வது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை செய்தால் சனி ஞாயிறில் வீக்கம் போய்விடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். குழியில் உறைந்த ரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரியும் கொடுமையான வலி, டிரை சாக்கெட் என்பது, இரண்டு முதல் நாலு நாளுக்குள் வரும். காதுவரை இழுக்கும், வாய் நாறும், மாத்திரைக்குக் கேட்காது. கிளினிக்கில் கழுவி மருந்து வைத்தால்தான் அடங்கும். திங்கள் அல்லது செவ்வாயில் செய்தால் அந்த நாட்களில் கிளினிக் திறந்திருக்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் செய்யவேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள்தான். துணியை அரை மணி நேரம் விடாமல் கடித்திருப்பது, முதல் நாள் கொப்பளிக்காமலும் துப்பாமலும் இருப்பது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதது. முதல் நாள் வெளியே ஐஸ், 24 மணி நேரத்துக்குப் பிறகு உப்புநீர். ஆறிய கஞ்சி, முட்டை, ஆறிய மைலோ. உதடு மரத்திருக்கும் மூன்று நாலு மணி நேரம் எதையும் மெல்லக்கூடாது, உதட்டையே கடித்துக்கொள்வோம். வலிக்கு ஐபுப்ரோஃபென் இந்த அறுவைக்கு நன்றாக வேலை செய்கிறது, பனடோலோடு (பாராசிட்டமோல்) சேர்த்தால் இன்னும் நன்றாக. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் அதைத் தொடவேண்டாம். பொன்ஸ்டானும் அதே ரக மருந்துதான், ஐபுப்ரோஃபெனோடு சேர்த்து விழுங்கவேண்டாம். நம் ஊரில் டெங்கி இருக்கும் காலத்தில், பல் எடுத்த பிறகு காய்ச்சல் அடித்தால் இந்த இரண்டையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும். டெங்கியில் அவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

பெரியவர்களுக்குத் தனிக் கணக்கு. இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் முதலிலேயே சொல்லவேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை மாத்திரை சாப்பிடும் பாட்டிமார்கள் அதையும் சொல்லவேண்டும். அது தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கக்கூடும். வெற்றிலை பாக்குப் போடுபவர்களுக்கு வாய் திறப்பது குறைந்தால், அதைக் கடைக்குட்டிப் பல் என்று எண்ணிச் சும்மா இருக்கக்கூடாது. பாக்கு வாயின் உள்தோலை இறுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்திய சமூகத்தில் நம் எண்ணிக்கைக்கு மீறி இருக்கிறது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆடும் பல் எதுவானாலும் காட்டிவிடுங்கள். என் பாட்டி காட்டவில்லை.

அக்கா மகளுக்கு ஜி.எச்.சில் தேதி கிடைக்க ஐந்து மாதம் ஆனது. இடையில் ஒருமுறை ஈறு மறுபடி வீங்கியது, உப்புநீரிலேயே அடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான்தான் கூட்டிப்போனேன். இடது கீழ்ப்பல்லை மரப்பு ஊசியில் எடுத்தார்கள். அங்கிருந்த தமிழ் நர்ஸ், "பயப்படாத தங்கச்சி, மூக்கால மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 40 நிமிடம். வெளியே வந்ததும் துணியைக் கடித்தபடியே, "மாமா, பல்லைக் கேட்டேன், குடுத்துட்டாங்க" என்று ஒரு சின்னப் பொட்டலத்தைக் காட்டினாள். மூன்று துண்டுகள், ஒன்றில் வேர் லேசாக வளைந்திருந்தது. அது முட்டிக்கொண்டிருந்த அடுத்த கடைவாய்ப் பல்லில் சொத்தை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, அடைத்துவிடலாம் என்றார்கள். நரம்பை ஒட்டிப் படுத்திருக்கும் வலது பல்லுக்கு நோய் எதுவும் தெரியவில்லை. அதை எடுக்கவேண்டாம், ஒரு வருஷம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம் என்பது நிபுணரின் முடிவு. மேல்பற்கள் இரண்டும் ஒழுங்காக முளைத்திருக்கின்றன, அப்படியே இருக்கட்டும் என்றார்.

அக்கா வீட்டு அடுக்களைக் கதவில் மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டி தொங்குகிறது. அதன் கடைசித் தாளின் பின்பக்கம் அவள் சிவப்புப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறாள்: "வலது போங்சு, எக்ஸ்ரே, அடுத்த ஏப்ரல்."